வீட்டோடு இருக்கும் சர்க்கரை நோயாளியைக் கவனிப்பது எப்படி: மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிவது முதல் இன்சுலின் போடுவது வரை

அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இடுப்பு எலும்பு முறியும் வரை தானே பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரை வாங்கி வந்துகொண்டிருந்தார். என்ன மாத்திரை, எத்தனை வேளை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று என் கையில் இருந்தவை இரண்டு பக்கச் சீட்டு, ஐந்து வகை மாத்திரை, ஒரு இன்சுலின் குப்பி. ஊசி போடுவதை வார்டில் ஒரே ஒரு முறை காட்டினார்கள். வீடு வந்து சேர்வதற்குள் பாதி மறந்துவிட்டது.

முதல் மூன்று மாதங்களில் மூன்று பெரிய தவறுகள் செய்தேன். மூன்றையும் கண்டுபிடித்துத் திருத்தியவர் வீட்டுக்கு வந்த செவிலியர். ஆனால் அவர் மாதத்தில் ஒரு முறையோ இரண்டு முறையோ வந்து அரை மணி நேரம் இருப்பார். மற்ற நாட்களில் ஊசி, மாத்திரை, சோறு, கால் எல்லாம் நம் பொறுப்பு. எனவே அந்த அரை மணி நேரத்துக்கு எப்படித் தயாராவது, இடைப்பட்ட நாட்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற வரிசையில் எழுதுகிறேன். இது தமிழ்நாட்டில், குறிப்பாகக் கிராமத்தில் இருப்பவர்களுக்கானது. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. அதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

1. பெயரைப் பதிவு செய்யுங்கள்

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. இதில் உங்கள் வீட்டுக்கு வரக்கூடியவர்கள் யார் யார் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். எனக்கு இது புரியவே ஒரு மாதம் ஆனது.

மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் உங்கள் பகுதியைச் சேர்ந்தவராகவே இருப்பார். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவராக இருப்பார். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார், மாத்திரைகளை வீட்டில் கொண்டுவந்து தருவார். இவர் செவிலியர் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். மருந்தை மாற்றச் சொல்லி இவரிடம் கேட்டால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் பயனில்லை. அடுத்து, படுத்த படுக்கையாகவோ நடக்க முடியாமலோ இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வட்டார அளவில் வீடு தேடி வருகிறார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, ஊசி போடக் கற்றுக்கொடுப்பது எல்லாம் இந்தச் செவிலியர் வேலை. கிராம சுகாதார செவிலியர் துணை சுகாதார நிலையத்தில் இருப்பவர். யாரை எங்கே பிடிப்பது என்று தெரியாவிட்டால் அவரிடம் போனால் போதும்.

பதிவு செய்ய நான் செய்தது இது. ஒரு வேலை நாள் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றைப் பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவில் இருக்கும் செவிலியரிடம் "அம்மாவால் நடந்து வர முடியாது, வீட்டுச் சேவை வேண்டும்" என்று சொன்னேன். அந்த வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னால் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தவறு அவர்களுடையது ஆகாது, வரிசையில் நூறு பேர் நிற்கிறார்கள். என்ன வேண்டும் என்று நாம்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும். நகரத்தில் இருப்பவர்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நகர்ப்புற நலவாழ்வு மையத்திலோ கேட்கலாம். நலவாழ்வு மையங்கள் மாலையிலும் திறந்திருப்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 104 என்ற எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

இந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது. மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் வீட்டுக்கு வருவதற்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

2. ஒரே கோப்பு, ஒரே நோட்டு

பிளாஸ்டிக் கோப்பு ஒன்று வாங்குங்கள், 30 ரூபாய்க்குக் கிடைக்கும். அதற்குள் இருக்க வேண்டியவை: நோயாளியின் ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், சுகாதார நிலையத்தில் கொடுத்த சிகிச்சைப் புத்தகம், மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த சுருக்கக் குறிப்பு, கடைசியாக எழுதிய மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவுகள். பழைய முடிவுகளைத் தூக்கிப் போடாதீர்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் போன ஆண்டு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் இந்த ஆண்டு ஏறியிருக்கிறதா என்று மருத்துவரால் சொல்ல முடியும்.

ஆதாரில் இருக்கும் பெயரும் சிகிச்சைப் புத்தகத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். கைபேசி எண்ணும் அப்படியே. அம்மாவின் பதிவில் இருந்த எண் எப்போதோ கைவிட்ட பழைய எண். அதனால் செவிலியர் இரண்டு முறை அழைத்தும் கிடைக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டு வருகையும் வீணாயின.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையும் இருந்தால் கோப்பில் வையுங்கள். வீட்டுச் சேவைக்கு அது தேவையில்லை. ஆனால் கால் புண் முற்றி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அந்த அட்டைதான் கைகொடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது. வருமானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் ஆதாரும் வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கை மாறி வர நாளாகும். நோய் முற்றிய பிறகு ஓட முடியாது. சும்மா இருக்கும் ஒரு மாதத்தில் வாங்கி வைத்துவிடுங்கள்.

நோட்டு தனி. பள்ளிக்கூட நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். தேதி, நேரம், சர்க்கரை அளவு, போட்ட இன்சுலின், சாப்பிட்டது, ஏதாவது தொந்தரவு. இவ்வளவுதான். 'வியர்த்தது', 'இரவு சாப்பிடவில்லை', 'திதி விரதம்' என்று ஒரு சொல் எழுதினாலும் போதும். வெறும் எண்களை வைத்துக்கொண்டு செவிலியர் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு சொல்தான் காரணத்தைக் காட்டும்.

3. எல்லா மாத்திரையையும் பாயில் கொட்டுங்கள்

என் முதல் தவறு இங்கேதான். அம்மாவுக்குத் தனியார் மருத்துவர் ஒருவர் எழுதிய மாத்திரையும் வீட்டில் இருந்தது, தன்னார்வலர் கொண்டுவந்த மாத்திரையும் இருந்தது. அட்டை வேறு, நிறம் வேறு, பெயர் வேறு. இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் கொடுத்துவந்தேன். இரண்டுமே கிளிமிபிரைடு என்ற, சர்க்கரையைக் குறைக்கும் ஒரே மருந்து. ஒன்றில் நிறுவனத்தின் பெயர் பெரிதாகவும் மருந்தின் பெயர் எறும்பு அளவிலும் இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. ஒன்பதாம் நாள் விடியற்காலை 3 மணிக்கு அம்மா ஏதோ உளறுவது கேட்டு எழுந்தேன். தலையணை நனைந்திருந்தது. சர்க்கரையை அளந்தபோது 48, ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது.

செவிலியர் முதல் முறை வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் எடுத்து வந்து அவர் முன்னால் வையுங்கள். நாட்டு மருந்துப் பொடி, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மூலிகைச் சூரணம், மூட்டு வலிக்கு வாங்கிய மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். மருந்துப் பெயரை மட்டும் பார்த்து ஒரே மருந்து இரண்டு முறை வருகிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாதவற்றைத் தனிப் பையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். "பிறகு ஆகும்" என்று அலமாரியில் வைத்தால் ஒருநாள் அது வாய்க்குள் போகும்.

கூடவே கேட்டுக்கொள்ள வேண்டியது, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பது. மெட்ஃபார்மின் பொதுவாகச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே. வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிற்றைப் புரட்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை சாப்பாட்டுக்கு முன். இவற்றைக் கொடுத்துவிட்டுச் சோறு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். சாப்பிட மறுக்கிற முதியவருக்கு "மாத்திரையாவது போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்று இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

4. செவிலியர் வரும் நாள்

வருவதற்கு முந்திய மூன்று நாட்களிலாவது வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் சர்க்கரை பார்த்து எழுதிவையுங்கள். நோட்டு, கோப்பு, சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டர், அதில் செருகும் ஸ்ட்ரிப் டப்பா, இன்சுலின் குப்பி, பயன்படுத்தும் சிரிஞ்சு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். நோயாளியின் கால்களைக் கழுவித் துடைத்து வையுங்கள். வெளிச்சம் உள்ள இடத்தில் உட்கார வையுங்கள்.

கேள்விகளை எழுதி வையுங்கள். வந்த பிறகு யோசித்தால் நினைவுக்கு வராது. அதைவிட முக்கியமாக, ஊசியை நீங்கள் போட்டுக் காட்டுங்கள், அவர் பார்க்கட்டும். அவர் போட்டு நீங்கள் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். உங்கள் கையில் என்ன பிழை என்பது நீங்கள் செய்யும்போதுதான் அவர் கண்ணில் படும். என் இரண்டாம் தவறு அப்படித்தான் வெளியே வந்தது. அது 6ஆம் படியில்.

போவதற்கு முன் மூன்றைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: அடுத்து எப்போது வருவார், எந்த எண்ணில் அழைக்கலாம், எந்த அளவுக்கு மேல் அல்லது கீழ் போனால் காத்திருக்காமல் அழைக்க வேண்டும். பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட்ட பிறகு 180க்குள் என்பார்கள். ஆனால் வயதானவர்களுக்கு, அடிக்கடி சர்க்கரை இறங்குகிறவர்களுக்கு மருத்துவர்கள் இலக்கைத் தளர்த்துவார்கள். இணையத்தில் பார்த்த எண்ணை எட்டுவதற்காக எழுபது வயது உடம்பைப் பட்டினி போடாதீர்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கான எண் எது என்று கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.

5. வீட்டில் சர்க்கரை பார்ப்பது, அதன் செலவு

உண்மையில் பணம் போவது இங்கேதான். குளுக்கோமீட்டர் சாதாரணமாக 500 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். கருவியின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள், ஸ்ட்ரிப்பின் விலையைக் கேட்டு வாங்குங்கள். கருவி ஒரு முறை செலவு, ஸ்ட்ரிப் ஆயுள் முழுதும். நான் வாங்குவது ஒன்று ஏறக்குறைய 20 ரூபாய் ஆகிறது. நாளுக்கு இரண்டு என்றால் மாதம் 1,200. மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் மலிவாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் கருவிக்குப் பொருந்தும் ஸ்ட்ரிப்தானா என்றும் பாருங்கள், ஒரு கருவியின் ஸ்ட்ரிப் இன்னொன்றில் வேலை செய்யாது.

செலவைக் குறைக்க எங்கள் செவிலியர் சொல்லிக்கொடுத்த வழி: நாளுக்கு ஒன்றுதான், ஆனால் நேரத்தை மாற்றி மாற்றி. திங்கள் காலை வெறும் வயிற்றில், செவ்வாய் காலைச் சாப்பாட்டுக்குப் பின், புதன் மதியச் சாப்பாட்டுக்கு முன், வியாழன் அதற்குப் பின் என்று போனால் ஒரு வாரத்தில் நாள் முழுவதின் படம் கிடைத்துவிடும். மாதம் 600 ரூபாயில் முடிகிறது. இன்சுலின் அளவு மாற்றிய வாரத்தில் மட்டும் அவர் சொல்கிற நேரமெல்லாம் பார்க்கிறேன்.

தவறான எண் வருவதற்கு முக்கியக் காரணம் கை. மாம்பழம் நறுக்கிய கையோடு அம்மாவுக்குப் பார்த்தபோது 340 காட்டியது. இருவரும் பயந்துபோனோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால் 172. ஸ்பிரிட் தேவையில்லை. தேய்த்தாலும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் குத்த வேண்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், வலி குறையும். டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேல் எழுதுங்கள். எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். ஈரக் கையோடு திறப்பதும் மூடியைத் திறந்தே வைப்பதும் ஸ்ட்ரிப்புகளைக் கெடுத்துவிடும்.

6. இன்சுலின்: அவசரப்படாமல் படியுங்கள்

முதலில் குப்பியும் சிரிஞ்சும் பொருந்த வேண்டும். நம் ஊரில் அரசு மருத்துவமனையிலும் கடையிலும் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும். அதற்கான சிரிஞ்சில் 'யூ-40' என்று எழுதி, மூடி சிவப்பாக இருக்கும். பேனா போன்ற கருவியில் போடும் இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100 யூனிட். 'யூ-100' சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. கடையில் "இன்சுலின் சிரிஞ்சு கொடுங்கள்" என்று மட்டும் கேட்டேன். ஆரஞ்சு மூடி கொடுத்தார்கள். அம்மாவுக்கு எழுதியிருந்தது 20 யூனிட். நான் 20 கோடு வரை இழுத்தேன். உடம்புக்குள் போனது 8 யூனிட்டுதான். மூன்று வாரமாகச் சர்க்கரை 300க்குக் கீழே இறங்கவில்லை. அம்மா ஒளித்து ஒளித்து இனிப்புச் சாப்பிடுகிறார் என்று சந்தேகப்பட்டுத் திட்டினேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. "சிரிஞ்சைக் காட்டுங்கள்" என்று செவிலியர் கேட்ட ஐந்தாவது நொடியில் காரணம் தெரிந்துவிட்டது.

இதன் மறுபக்கம் இன்னும் பயங்கரம். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். உயிருக்கே ஆபத்து. எனவே ஒவ்வொரு முறை வாங்கும்போதும் குப்பியில் இருக்கும் எண்ணையும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேனாவின் மருந்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது வேண்டவே வேண்டாம்.

அடுத்து, குப்பி. தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலினும் உண்டு, பால் போலக் கலங்கியிருக்க வேண்டியதும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் இருப்பது, வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் சேர்ந்த 30/70 கலவை, அது கலங்கியது. போடும் முன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து 10 முதல் 20 முறை மெதுவாக உருட்டுங்கள். குலுக்கக் கூடாது. உருட்டிய பிறகும் கட்டி கட்டியாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அந்தக் குப்பி கெட்டுவிட்டது. தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தாலும் அப்படியே.

ஊசியைத் தொப்புளிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி வயிற்றிலோ தொடையின் வெளிப்புறத்திலோ போடலாம். தினமும் ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் கட்டி விழும். அங்கே போடும் மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது. அங்கே வலி தெரியாது என்பதால் நோயாளிகள் அதே இடத்தைக் காட்டுவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். வயிற்றை நான்கு கட்டமாக மனதில் பிரித்து வாரத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து உள்ளே போனதும் பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள்.

நேரம் முக்கியம். இந்தக் கலவை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போடச் சொல்வார்கள். இட்லி வெந்து இறங்கிய பிறகு ஊசி போடுங்கள். மாவு புளிக்கவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது என்ற நாளில் ஊசி முன்னால் போய்விட்டால் வினை.

சேமிப்பு. திறக்காத குப்பி குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். கதவுப் பகுதியில் வையுங்கள். உறைபெட்டியில் வைத்து உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. திறந்த தேதியைக் குப்பியில் எழுதி, 28 நாளில் மீதம் இருந்தாலும் புதிது எடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் பானைக்குள் பானை வைக்கலாம். பெரிய மண்பானையில் ஈர மணலை நிரப்பி, நடுவில் சின்னச் சட்டி வைத்து, அதற்குள் குப்பியை நீர் புகாத உறையில் போட்டு ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரை வெயிலிலும் வெளியே இருப்பதைவிட இது குளிர்ச்சியாக இருக்கும். பஸ்ஸில் கொண்டுபோகும்போது ஃபிளாஸ்கில் வையுங்கள், ஆனால் பனிக்கட்டி குப்பியைத் தொடக் கூடாது.

குப்பியைச் சுகாதார நிலையத்தில் நான் போய் வாங்கி வருகிறேன். உங்கள் ஊரில் எப்படி என்று செவிலியரிடம் கேளுங்கள். எதுவானாலும் கையில் ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்குக் கிளம்பிவிடுங்கள், பொங்கல், தீபாவளி விடுமுறைகளைக் கணக்கில் வைத்து.

பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் போடாதீர்கள். குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் சுகாதார நிலையத்தில் கொடுங்கள்.

7. சர்க்கரை இறங்கினால்

70க்குக் கீழே போனால் உடனே செயல்பட வேண்டும். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, படபடப்பு. முதியவர்களிடம் இவை இல்லாமல் வெறும் கோபமாக, உளறலாக, சோர்வாக வரலாம். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை தெரியும், அதைக் கவனியுங்கள். அளக்க நேரமில்லையென்றால் இறங்கிவிட்டது என்றே எடுத்துக்கொண்டு சர்க்கரை கொடுங்கள்.

மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். 70க்கு மேலே வரவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு. ஏறிய பிறகு இட்லியோ சோறோ கொடுங்கள், இல்லாவிட்டால் மீண்டும் இறங்கும். பால், பிஸ்கட், சாக்லேட்டு எல்லாம் மெதுவாகத்தான் ஏற்றும், முதலுதவிக்கு ஆகாது. வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சமையல் சர்க்கரையும் மெதுவாகவே வேலை செய்யும், அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடி இருந்தே ஆக வேண்டும்.

நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்கு ஒரு முறை இறங்கினால் ஏற்றிய பிறகும் அடுத்த ஒரு நாளோ அதற்கு மேலுமோ திரும்பத் திரும்ப இறங்கலாம். அன்று விடியற்காலை அம்மாவுக்கு 48லிருந்து 110க்கு ஏறியதும் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். செவிலியரைத் தொலைபேசியில் அழைத்தபோது, "தூங்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்" என்றார். போகிற வழியில் மறுபடி 61.

தலையணைக்கு அடியில் ஒரு சர்க்கரைப் பொட்டலம். எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது.

8. கால்

அம்மாவுக்குக் கால் மரத்துப்போயிருந்தது எனக்குத் தெரியாது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். "சூடாக இருக்கிறதா?" என்று கேட்டேன், "இல்லை, நன்றாக இருக்கிறது" என்றார். மறுநாள் குதிகாலில் கொப்புளம். ஆறுவதற்கு ஏழு வாரம் ஆனது, வாரம் இரண்டு முறை செவிலியர் வந்து கட்டு மாற்றினார். என் மூன்றாம் தவறு இது.

மரத்த காலுக்கு ஒத்தடம், வெந்நீர்ப் பை, கணப்பு எதுவும் கூடாது. குளிக்கும் நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். தினமும் மாலையில் கால் விரல் இடுக்கு முதல் குதிகால் வரை பாருங்கள். நோயாளியே பார்ப்பதானால் அடியில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள், ஈரம் தங்கிப் புண்ணாகும். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியைப் பிளேடால் செதுக்குவதும் கடையில் விற்கும் ஆணிப் பட்டை ஒட்டுவதும் வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். மெத்தென்ற ரப்பர் அடி கொண்டது, எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் கிடைக்கும். பின்னால் வார் உள்ளதாகப் பாருங்கள், கட்டைவிரல் வளையம் உள்ளதைத் தவிருங்கள். மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கிச் சரியான அளவு தெரியும். கோயிலுக்குப் போவதானால் காலை இளவெயிலில் போய்விட்டு வாருங்கள். உச்சி வெயிலில் பிராகாரத்துக் கருங்கல் மரத்த காலைச் சுட்டுவிடும், அவருக்குத் தெரியாது. தீமிதி வேண்டுதல் இருந்தால் குலதெய்வத்திடம் வேறு நேர்த்திக்கடன் கேட்டுக்கொள்ளுங்கள்.

புண், நிறமாற்றம், வீக்கம், நாற்றம் எது தெரிந்தாலும் செவிலியரின் அடுத்த வருகைக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே அழையுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய இரண்டு நாளில் விரல் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

9. சாப்பாடு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் இதைப் பற்றி மட்டுமே அறிவுரை சொல்கிறார்கள். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறோ இட்லியோ, மீதிக் கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன். நேரம் தவறக் கூடாது. கேழ்வரகு என்றாலே சர்க்கரைக்கு நல்லது என்று கூழாகக் கரைத்துக் கொடுக்கிறார்கள். மாவாக அரைத்துக் கரைத்ததும் அது வேகமாக ஏறும். அம்மாவுக்குக் கூழுக்குப் பின் அளந்து, அடைக்குப் பின் அளந்து நானே பார்த்துவிட்டேன். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும். அமாவாசை, கிருத்திகை விரதம் இருப்பவர்கள் முந்தின நாளே செவிலியரிடம் சொல்லி அன்றைய மருந்துக்கு மருத்துவரிடம் வழி கேளுங்கள். ஒரு வேளை தானே என்று விட்டுவிடாதீர்கள்.

10. காய்ச்சல், வாந்தி வரும் நாட்கள்

சாப்பிடவில்லையே என்று இன்சுலினை முழுவதும் நிறுத்திவிடுகிறார்கள். அது கூடாது, சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலில் சர்க்கரை ஏறும். 4 மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து, எண்ணைச் சொல்லி, எவ்வளவு போடுவது என்று அன்றே கேளுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மெட்ஃபார்மினை நிறுத்தி வைக்க வேண்டுமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை 300க்கு மேலேயே நின்று, வாந்தியும் நிற்காமல், மூச்சும் வாங்கினால் 108.

11. ஆண்டுக் கணக்கு

சுவரில் மாட்டும் நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள். எச்பிஏ1சி எனும், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கட்டுப்பாட்டில் இருந்தால் ஆண்டுக்கு இரண்டு. வெளியே பார்த்தால் 300 முதல் 600 ரூபாய் ஆகும், அரசு மருத்துவமனையில் வசதி இருக்கும் இடத்தில் இலவசம். சிறுநீரில் அல்புமின் எனும் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பு, மூன்றும் ஆண்டுக்கு ஒரு முறை. காலின் உணர்ச்சியை மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது. இதைச் செவிலியரிடம் நீங்களே கேளுங்கள்.

கண் பரிசோதனையும் ஆண்டுக்கு ஒரு முறை, பார்வை நன்றாகத் தெரிந்தாலும். நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருப்பதால் எல்லாரும் தள்ளிப்போடுவது இதைத்தான். அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு எந்த நாளில் கூட்டம் குறைவு என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, அதே நாளில் ரத்தப் பரிசோதனையையும் முடித்துவிட்டால் ஒரே ஆட்டோ வாடகை. எங்களுக்குப் போக வர 700 ரூபாய் ஆனது. கண்ணில் மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்ப்பார்கள், அதன் பிறகு சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். கறுப்புக் கண்ணாடியோ குடையோ எடுத்துப் போங்கள். காலையில் போனால் திரும்ப மதியம் ஆகிவிடும். காலை ஊசியும் மாத்திரையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாமா, ரத்தம் எடுத்த பிறகுதான் எல்லாமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பையில் கோப்பு, நோட்டு, தண்ணீர், நாலு இட்லி, சர்க்கரைப் பொட்டலம்.